வைகைக் கரையில் சைக்கிள் பாதையா, இருக்கிற ரோட்டில் இடமா?

விளாங்குடிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். நான் 19 வருடமாக மதுரை விளாங்குடியிலிருந்து சிம்மக்கல்லுக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். முன்பெல்லாம் காலையில் எனக்கு முன்னும் பின்னும் சைக்கிள்களாகவே போகும். இப்போது பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் நடுவில் என்னைப் போல நாலைந்து பேர்தான். போன மாதம் ஒரு வேனின் கண்ணாடி தோளில் இடித்து விழுந்தேன். பெரிய காயமில்லை. ஆனால் வீட்டில் சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறார்கள்.

அதனால் இதைக் கேட்கிறேன். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வைகையின் இரு கரையிலும் தடுப்புச்சுவர் கட்டி ரோடு போட்டார்கள். அதில் ஆற்றை ஒட்டிய பக்கம் மூன்று மீட்டரை மரத்துக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கினால் என்ன? ஆற்றோரமாகப் போகும் வழியில் ஏற்ற இறக்கம் இல்லை, சிக்னலும் குறைவு. அங்கிருந்து பனையூர் கால்வாயைப் பிடித்தால் தெப்பக்குளம். வடகரையில் வண்டியூர் கண்மாய்க் கரை. மேற்கே மாடக்குளம் கண்மாய். ஊரைச் சுற்றி ஒரு பச்சை வழியே கிடைத்துவிடும். நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் கட்ட முடிந்த ஊரில் இது முடியாதா?

மாடக்குளத்தான்:
தம்பி, நீங்கள் விழுந்ததைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் கண்மாய்க் கரையை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். கரை என்பது சும்மா கிடக்கிற இடம் இல்லை. மழைக்காலத்தில் கரை கசிகிறதா, எலி வளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க ராத்திரியில் டார்ச் லைட்டோடு நடந்தவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். உடைப்பு எடுத்தால் மணல் மூட்டையும் ஜேசிபியும் அந்தக் கரை மேல்தான் வர வேண்டும். அங்கே பேவர் பிளாக் பதித்து, கம்பி வேலி போட்டு, பெஞ்சு வைத்தால் எதை வைத்து அடைப்பது?

மரம் என்கிறீர்கள். கரையின் மேல் பெரிய மரம் வைக்கக் கூடாது. வேர் பருத்து மண்ணைப் பிளக்கும், மரம் காய்ந்தபின் வேர் இருந்த துளை வழியாகத் தண்ணீர் கசியும். அதனால்தான் பெரியவர்கள் கரைக்குப் பனையை வைத்தார்கள். பனைக்குச் சல்லிவேர், அது மண்ணைக் கட்டிப் பிடிக்கும். மருதமும் நாவலும் ஆற்றோரத்துக்கு. இந்த அறிவு இல்லாமல் அழகுக்குச் செடி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது.

சாலைப்பொறியாளர்:
ஐயா சொல்வது சரி. கரையின் உச்சியில் எதுவும் கட்டக் கூடாது. ஆனால் பாதை உச்சியில்தான் வர வேண்டும் என்றில்லை. தண்ணீர் இல்லாத பக்கம், கரை அடிவாரத்தில், கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினால் சைக்கிளுக்குப் போதும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், வெயிலில் கான்கிரீட் போலச் சுடாது, அவசரத்துக்கு வண்டியும் போகலாம். மதுரையில் மே மாதம் 40 டிகிரி தாண்டுகிறது. நிழல் இல்லாத சைக்கிள் பாதையில் காலை ஏழு மணிக்குமேல் யாரும் போக மாட்டார்கள். அதனால் மரத்தை முதலில் நட வேண்டும். பாதை மூன்று வருடம் கழித்து வந்தால்கூட நஷ்டமில்லை.

அனுப்பானடி:
கரை அடிவாரம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் சார். அங்கே வீடுகள் இருக்கின்றன. கால்வாய் ஓரமும் அப்படித்தான். என் சித்தி குடும்பம் கால்வாய்க் கரையில் 30 வருடம் இருந்தது. ஆக்கிரமிப்பு என்று எடுத்தார்கள், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். சித்தி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர். அந்த நாலு வீடும் போச்சு. காலையில் ஐந்தரை பஸ்ஸை விட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

அமெரிக்காவில் அட்லாண்டா என்ற ஊரில் பழைய ரயில் தடங்களை இணைத்து 22 மைல் வட்டப்பாதை போடுகிறார்கள். 1999-ல் ஒரு மாணவரின் ஆய்வேட்டில் தொடங்கிய யோசனை அது. பாதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் வீட்டு விலையும் வாடகையும் ஏறி, பழைய ஆட்கள் வெளியேற வேண்டிவந்தது. குறைந்த வாடகையில் 5,600 வீடுகள் என்று இலக்கு வைத்தும் இந்தப் புகார் தீரவில்லை. நம் ஊரில் அந்த இலக்குகூடக் கிடையாது.

விளாங்குடிவாசி:
அண்ணே, உங்கள் சித்தி கதைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டை இடித்து வரும் பாதை எனக்கும் வேண்டாம். இதை மனசார எழுதுகிறேன். ஆற்றோர ரோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அதில் கோடு பிரிக்க யார் வீட்டையும் எடுக்க வேண்டாம். அங்கிருந்து தொடங்கலாமே.

ஒரு நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய தெப்பக்குளம். நான் சின்னப் பையனாக இருந்தபோது உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். இப்போது தண்ணீர் நிற்கிறது, சாயங்காலம் குளத்தைச் சுற்றி எவ்வளவு பேர் நடக்கிறார்கள்! நல்ல இடம் கொடுத்தால் ஜனம் வரும்.

மாடக்குளத்தான்:
அந்த உதாரணத்தை நன்றாகப் பாருங்கள் தம்பி. முதலில் பனையூர் கால்வாயைத் தூர்வாரி வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வந்தது, சுற்றுவட்டாரத்து போர்வெல்களில் நீர்மட்டம் ஏறியது, அதற்கப்புறம்தான் கூட்டம் வந்தது. வரிசை மாறக் கூடாது. கூடலழகர் கோயிலுக்கு மாலை போட்டதுபோல் ஓடியதாகச் சொல்லும் கிருதுமால் நதி இன்று சாக்கடையாகக் கிடக்கிறது. அதன் ஓரம் சைக்கிள் விட யார் வருவார்கள்? 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் என்ன நடந்தது? பந்தல்குடி கால்வாயில் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்தது. கால்வாய்க்கு இன்னும் அகலம் வேண்டும். இருப்பதில் ஒரு அடிகூட வேறு எதற்கும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முனிச்சாலை தையல்:
படித்துக்கொண்டே வந்தேன். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. நான் முனிச்சாலையிலிருந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்குத் தைத்த துணியை சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகும். ஆற்றோரப் பாதை என் வீட்டுக்கும் போகாது, கடைக்கும் போகாது. போனாலும் அந்த நேரத்தில் ஆளில்லாத ஆற்றங்கரையில் நான் போக மாட்டேன். எனக்குக் கூட்டம் இருக்கிற ரோடுதான் பாதுகாப்பு.

மாசி வீதிகளைப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் தேரே சுற்றி வருகிற வீதி. தேர் போகிற வீதியில் ஒரு சைக்கிள் போக இடமில்லை, ஏனென்றால் இரு பக்கமும் டூவீலர் நிற்கிறது. புதிதாகப் போட்ட நடைபாதையிலும் டூவீலர்தான். அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவது இந்த ரோடுகளில். பாதை போடுகிற பணத்தில் பாதியை வைத்து இந்த ரோட்டில் பார்க்கிங்கை ஒழுங்கு செய்து, வேகத்தைக் குறைத்து, விளக்கு போட்டால் எனக்கும் அவர்களுக்கும் இன்றைக்கே பயன்.

சாலைப்பொறியாளர்:
அக்கா சொல்வது என் வேலையில் நான் அடிக்கடி மறந்துபோகிற விஷயம். எங்கே நிலம் சும்மா கிடக்கிறதோ அங்கே பாதையை வரைந்துவிடுகிறோம், ஆட்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஆனாலும் ஆற்றோரப் பாதையை அப்படியே விட்டுவிடவும் மனமில்லை. யானைக்கல், குருவிக்காரன் சாலை மாதிரி பாலங்கள் இறங்குகிற இடங்களில் ஊருக்குள் போக இணைப்பு கொடுத்தால் அது வேலைக்குப் போகிற வழியாகும். இணைப்பு இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகத்தான் நிற்கும்.

அனுப்பானடி:
இணைப்பு கொடுங்கள், கோடு போடுங்கள். வீட்டைத் தொடாதவரை எனக்கு எதிர்ப்பு இல்லை. அதை எழுத்தில் கொடுத்தபிறகு வேலை தொடங்கட்டும்.

மாடக்குளத்தான்:
ஆற்றோர ரோட்டுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கண்மாய் விஷயத்தில் என் பேச்சு மாறாது.

விளாங்குடிவாசி:
சரி ஐயா, கண்மாயை என் யோசனையிலிருந்து எடுத்துவிடுகிறேன். மனு எழுதுவதற்கு முன் சைக்கிள்களை எண்ணிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வரும் திங்கள் காலை ஏழு முதல் ஒன்பது வரை யானைக்கல்லில் நான் நிற்கிறேன். யாராவது கூட வருகிறீர்களா?

முனிச்சாலை தையல்:
அண்ணே, காலையில் மட்டும் எண்ணினால் நாங்கள் யாரும் அதில் வர மாட்டோம். அன்றைக்கு ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் விளக்குத்தூணுக்கும் வாருங்கள். ஒன்பது மணிக்கு நான் அங்கே இருப்பேன்.