மனுசங்கடா யாருடைய பாட்டு?

கீழக்கரையான்: நேற்று இங்கே நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ.குணசேகரனைப் பற்றிய பதிவில் “மனுசங்கடா பாடலை எழுதிப் பாடியவர்” என்று இருக்கிறது. எழுதியவர் கவிஞர் இன்குலாப், எங்கள் ஊர்க்காரர். பாடியவரைக் கொண்டாடுங்கள், எழுதியவரை ஏன் விழுங்குகிறீர்கள்?

பறையோசை: பதிவு என்னுடையதுதான். அவ்வளவு நீளப் பதிவில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல்தானா? இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்து, சாதி இழிவைப் பட்டு வளர்ந்து, ‘தன்னானே’ குழுவைக் கட்டி ஊர் ஊராகப் பாடியவர் அவர். அந்தக் கவிதையைச் சேரித் தெருவரை கொண்டுபோனது அவர் தொண்டை.

கீழக்கரையான்: கொண்டுபோனார், சரி. எழுதினாரா?

மதுரைவாசி: என் கேள்வி வேறு. குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பேராசிரியர், அப்புறம் உலகத் தமிழாராய்ச்சி நிறுவன இயக்குநர். மாதச் சம்பளக்காரரை நாட்டுப்புறப் பாடகர் என்றால் கிராமத்துப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியை என்னவென்று சொல்வீர்கள்?

பறையோசை: வேலை கிடைத்தால் பிறந்த தெரு மாறிவிடுமா? அவருடைய தன்வரலாறு ‘வடு’வைப் படித்துவிட்டு வாருங்கள். நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் பேராசிரியர்தானே, போன மாதம் அவரைப் புகழ்ந்தபோது இந்தக் கேள்வி உங்களுக்கு வரவில்லையே?

மதுரைவாசி: பழைய சண்டையை இழுக்காதீர்கள். அன்றைக்கும் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

கீழக்கரையான்: இரண்டு பேரும் நழுவ வேண்டாம். எழுதியது யார்?

தெற்குத்தெரு: எங்களிடம் இருந்தது கடையில் பதிந்து வாங்கிய கேசட். அட்டையில் பேனாவால் ‘குணசேகரன்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கூட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் அதைத்தான் போடுவோம். இன்குலாப் பெயர் எங்கள் காதுக்கே வரவில்லை.

கீழக்கரையான்: அதைத்தானே சொல்கிறேன்! பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது. 2016 ஜனவரியில் குணசேகரன் காலமானார், அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப் காலமானார். அடுத்த ஆண்டு இன்குலாபின் கவிதைத் தொகுப்பு ‘காந்தள் நாட்க’ளுக்கு வந்த சாகித்திய அகாதமி விருதையே அவர் குடும்பம் வேண்டாம் என்றது. பெயருக்கு அலையாத மனிதர் என்பதற்காக அவர் பாட்டைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாமா?

பறையோசை: யாரும் கொடுக்கவில்லை. அந்தக் குரல் இல்லையென்றால் அது ஒரு தொகுப்பில் அச்சாகி அங்கேயே கிடந்திருக்கும்.

கீழக்கரையான்: கவிதை இல்லையென்றால் அந்தக் குரல் எதைப் பாடியிருக்கும்? “எழுதி” என்ற சொல் பதிவில் இன்னும் அப்படியே இருக்கிறது. எடுங்கள்.

பறையோசை: உங்கள் ஊர்ப் பெருமைக்காக என் பதிவில் கை வைக்க மாட்டேன்.

மதுரைவாசி: கருப்பாயி பற்றிக் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.