ரிப்பியேனோ எண்டா என்ன? இத்தாலியில பலேர்மோ வீட்டுக் குழுவில ஒரு பின்னேரம்

சின்னமாமா: ஞாயிறு கச்சேரித் தாளில குட்டியின்ர பேருக்கு நேர "வயலின், ரிப்பியேனோ" எண்டு கிடக்கு. அது ரவியோலி எண்ட மாப்பொதிக்குள்ள வைக்கிற உள்ளுடனெல்லோ?

சித்தி: 😂😂

குட்டி: ரெண்டும் ஒரே சொல்தான் மாமா. நிரப்பினது, நிரப்புறது. வாசிக்கிறது இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின்ர ஓபஸ் 6, அவற்ற ஆறாவது படைப்புத் தொகுதி. 1714இல ஆம்ஸ்டர்டாமில அச்சானது. முன்னுக்கு ரெண்டு வயலின், ஒரு செல்லோ. அவை கொஞ்செர்த்தீனோ. மிச்ச வயலின், வியோலா, பாஸ் எல்லாம் ரிப்பியேனோ. தாளில "சோலி", முன்னுக்கு நிக்கிறவை மட்டும் எண்டு வந்தா எங்களுக்குச் சோலியில்லை, வில்லைத் தூக்கிப்போட்டு எண்ணிக்கொண்டிருக்கவேணும். "துத்தி" எண்டா எல்லாரும். எண்ணிக்கை பிசகி ஒராள் அரைத்தட்டு முந்தினாலும் தனியக் கேட்கும்

சின்னமாமா: முன்னுக்கு ஆர்?

சித்தி: அக்கான்ர மகள். அவ எப்பவும் முன்னுக்குத்தானே

பெரியம்மா: வாசிக்க வச்சுப் பாத்துத்தான் எடுத்தவை

குட்டி: கொரெல்லியின்ர முகப்பிலயே கிடக்கு, பின்கூட்டம் விருப்பம்போல, ஆக்களை இரட்டிக்கவும் செய்யலாம். விட்டாலும் பாட்டு நிக்காது, கனம்தான் குறையும்

சின்னமாமா: உள்ளுடன் இல்லாத கொழுக்கட்டை

அத்தான்: கோயில் ஓர்கனிலயும் ரிப்பியேனோ இருக்கு. பிரின்சிபாலே எண்ட அடிப்படைக் குழல்வரிசை 8 அடி, அதுக்கு மேல உயர்ந்த சுரத்துக் குழல்வரிசையளை ஒத்தாவா (எட்டாம் சுரம்), 15ஆம், 19ஆம், 22ஆம் சுரம் எண்டு அடுக்கித் திறக்கிறது. புல்லாங்குழல் மாதிரி ஒலிக்கிற குழல்வரிசையைக் கலந்தா அது ரிப்பியேனோ இல்லை

பெரியம்மா: கச்சேரி முடிய எங்கட வீட்டில ரவியோலி. போனமுறை மாதிரி வெடிக்கக்கூடாது

சித்தி: அது உள்ளுடனில போடுற ரிக்கோட்டா எண்ட மென்சீஸின்ர தண்ணி. இஞ்சத்தைய செம்மறி ரிக்கோட்டா ஈரம். 500 கிராமை வடிதட்டில போட்டு ராத்திரி முழுக்க பிரிட்ஜில வையுங்கோ. கீரை 300 கிராம் அவிச்சு, துணியில முறுக்கிப் பிழிஞ்சு, பிறகு கொத்துங்கோ. பார்மிஜானோ சீஸ் 100 கிராம், ஒரு முட்டை, சாதிக்காய் கொஞ்சம். ஒண்டுக்கு ஒரு தேக்கரண்டிதான். மூடேக்க சுத்திவர விரலால அமத்திக் காத்தை வெளியேத்தவேணும். காத்து நிண்டா கொதியில ஊதி வெடிக்கும். தண்ணி தளதளக்கவும் கூடாது

சின்னமாமா: அப்ப பெப்பெரோனி ரிப்பியேனி?

சித்தி: நிரப்பின கறிமிளகாய். அது வேற ஆக்கினை, கேக்காதேங்கோ

பெரியம்மா: ரிக்கோட்டா சனிக்கிழமை ஆர் வாங்கிறது

அத்தான்: 👍

பெரியம்மா: 👍 எண்டா வாங்கிறீங்களோ, வாசிச்சீங்களோ?

சின்னமாமா: தாளில 6 மணி எண்டு கிடக்கு, குட்டி 5 எண்டவ

குட்டி: 5 எங்களுக்கு, சுருதி சேர்க்க