ரிசீவர் மூச்சுவிட ஓர் அலமாரி: யோசனை வேண்டும்

நண்பர்களே, ஹோம் தியேட்டர் கருவிகளுக்காக 18 மி.மீ. பிளைவுட்டில் நானே ஓர் அலமாரி செய்துகொண்டிருக்கிறேன். பலகைகளை அறுத்தாகிவிட்டது, பூட்டும் நேரத்தில் சந்தேகம் வந்து நிற்கிறது.

ரிசீவரின், அதாவது ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியின், சூடுதான் பிரச்சினை. அதன் ஆழம் 38 செ.மீ. பின்னால் கேபிள்கள் மடங்க இன்னும் 8 செ.மீ. விட்டிருக்கிறேன், மேலே 10 செ.மீ. இடைவெளி. ஆனால் முன்பக்கம் கதவு வேண்டும் என்பது வீட்டாரின் கட்டளை. மரக் கதவு போட்டால் ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகாது, வெப்பமும் வெளியே வராது. கண்ணாடி என்றால் ரிமோட் வேலை செய்யும். சூடு அப்படியே தேங்கும். மரச்சட்டத்தில் ஸ்பீக்கர் துணியை (ஸ்பீக்கர் முகப்பில் போடும், காற்று புகும் மெல்லிய துணி) இழுத்துக் கட்டிய கதவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? துணி நாளடைவில் தொய்ந்துவிடுமா?

பின்பலகை போடாமல் விட்டால் காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனால் அலமாரி பக்கவாட்டில் ஆடும். மேலும் கீழும் ஒவ்வொரு பட்டை அடித்தால் போதுமா, 120 மி.மீ. விசிறியும் வேண்டுமா? அமைதியான காட்சிகளில் விசிறியின் இரைச்சல் கேட்குமே என்ற கவலை வேறு.

சப்வூஃபரையும் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள். தட்டுகள் கடகடக்கும், அது தரையிலேயே இருக்கட்டும்.