மகனுக்கு 19 வயதானதும் ஆர்.டி.எஸ்.பி. மானியம் குறைந்தது ஏன்?

கேட்டவர் (ஸ்காபுறோ):
வணக்கம். என் மகன் பெருமூளை வாதத்துடன் பிறந்தவன். அவனுக்கு 15 வயதாக இருந்தபோது, 2020இல், மாற்றுத்திறனாளிகளுக்கான ஆர்.டி.எஸ்.பி. சேமிப்புக் கணக்கை ஒரு வங்கியில் தொடங்கினோம். ஆண்டுதோறும் நாங்கள் 1,500 டொலர் போட, கனடாவின் மத்திய அரசு 3,500 டொலர் மானியம் சேர்த்து வந்தது. 2024இலும் 2025இலும் அதே தொகையைப் போட்டும் 1,000 டொலர்தான் வந்திருக்கிறது. எங்கள் குடும்ப வருமானம் கூடவில்லை. வங்கியில் கேட்டால், அரசு அனுப்பியது அவ்வளவுதான் என்கிறார்கள். இன்னொன்று: அவனுடைய சக்கர நாற்காலி பழுதாகிவிட்டது. இந்தக் கணக்கிலிருந்து 2,000 டொலர் எடுத்துப் புதியது வாங்கலாமா?

பதில் 1 (மார்க்கம்):
அக்கா, மகன் தன் பெயரில் வருமான வரிப் படிவம் அனுப்பியிருக்கிறாரா? பிள்ளைக்கு 18 வயதாகும் ஆண்டு வரை பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே மானியம் கணிக்கப்படுகிறது. 19 வயதாகும் ஆண்டு முதல் அவருடைய சொந்த வருமானம்தான் கணக்கு, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானம். குறைந்த, நடுத்தர வருமானத்துக்கு முதல் 500 டொலருக்கு மூன்று மடங்கும் அடுத்த 1,000 டொலருக்கு இரண்டு மடங்குமாக 3,500 கிடைக்கும். படிவமே போகாவிட்டால், வருமானம் மிக அதிகம் என்று கொண்டு, முதல் 1,000 டொலருக்குச் சமமாக 1,000 மட்டும் தருவார்கள். உங்களுக்கு வந்த தொகை அதுவேதான். வருமானம் இல்லையே, எதற்குப் படிவம் என்று நம்மவர்கள் பலர் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது, ஏனெனில் அவருடைய வருமானம் குறைவாக இருந்தால், நீங்கள் ஒரு டொலரும் போடாமலே ஆண்டுக்கு 1,000 டொலர் ‘பொண்ட்’ என்ற கொடையும் அவருக்கு உண்டு. 2022 முதலான படிவங்களை உடனே அனுப்புங்கள். பயன்படுத்தாத உரிமையைப் பத்து ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பெற முடியும்.

பதில் 2 (மிசிசாகா):
தங்கச்சி, பணத்தை இப்போது எடுக்க வேண்டாம். கடந்த பத்து ஆண்டுகளில் பெற்ற மானியமும் பொண்டும் கணக்கில் இருக்கும்வரை, எடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் அவற்றில் மூன்று டொலரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் 2,000 எடுத்தால் 6,000 போய்விடும். என் மகளுக்காக நான் 800 டொலர் எடுத்தபோது இதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை; 2,400 டொலரை இழந்தோம், அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. சக்கர நாற்காலிக்கு ஒன்ராறியோவின் உதவிச் சாதனத் திட்டம் 75 சதவீதம் தரும்; மகன் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்ராறியோ அரசு தரும் ஓ.டி.எஸ்.பி. உதவித்தொகை பெறுபவராக இருந்தால் அத்திட்டம் ஏற்கும் விலை முழுவதையும் அதுவே கொடுக்கும்.

கேட்டவர்:
அண்ணா, அவன் ஓ.டி.எஸ்.பி. பெறுகிறான். இந்தச் சேமிப்பு பெருகினால் அது நின்றுவிடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

பதில் 2:
நிற்காது. ஒன்ராறியோவில் ஆர்.டி.எஸ்.பி.யில் உள்ள சேமிப்பையும், பின்னாளில் அதிலிருந்து எடுப்பதையும் ஓ.டி.எஸ்.பி. கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பதில் 1:
அக்கா, ரி2201 படிவத்தின்மேல் கிடைத்த ஊனமுற்றோர் வரிச் சலுகை எந்த ஆண்டுவரை செல்லும் என்பதையும் பாருங்கள். அது முடிந்துபோனால் புதிய மானியமும் பொண்டும் வராது.

கேட்டவர்:
கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 2027 வரை என்றிருக்கிறது. புதுப்பிப்பதற்காக மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டிருக்கிறேன். தொண்டர்கள் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் முகாமுக்கு மகனை அழைத்துச் சென்று, 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளின் படிவங்களையும் நேற்று அனுப்பிவிட்டோம். நாற்காலிக்காக அவனுடைய சிகிச்சையாளர் திங்கட்கிழமை அளவெடுக்க வருகிறார். கணக்கிலிருந்து ஒரு டொலரும் எடுக்கவில்லை.