டின் விசில்: ஜி ரோல் தனித்தனி ஸ்வரமாக விழுகிறது, எங்கே தப்பு?

வேய்ங்குழல்:
ஐரிஷ் இசைக்கான ஆறு துளை ஊதுகுழல்தான் டின் விசில். என்னுடையது டி சுருதி, பித்தளைக் குழாய், பிளாஸ்டிக் தலை. கெஷ் ஜிக் என்ற நடன மெட்டின் தொடக்கத்தில் வரும் நீண்ட ஜி ரோல்தான் (ஜி ஸ்வரத்தை விரலால் துடிக்கவைக்கும் அலங்காரம்) சிக்கல். பதிவுகளில் ஒரே ஜி மூன்று முறை துடிப்பதுபோலக் கேட்கிறது. நான் வாசித்தால் ஜி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஜி என்று ஐந்து ஸ்வரமும் தனியாகக் கேட்கின்றன. வேகம் கூட்டினால் தாளம் முன்னே ஓடிவிடுகிறது. கூடவே இரண்டு சந்தேகம். மேல் ஸ்தாயி ஏ, பி கீச்சிடுவது விசிலின் குறையா, என் விரலின் குறையா? இடைவெளியே இல்லாத ஜிக்கில் மூச்சு எங்கே எடுப்பது?

தாளக்காரன்:
ஐந்து என்று எண்ணுவதுதான் கோளாறு. ரோல் என்பது மூன்று ஜி, அவ்வளவுதான். நடுவில் விரலைச் சட்டென்று தூக்கும் கட்டுக்கும், துளையில் அடிக்கும் ஸ்ட்ரைக்குக்கும் சுருதி கிடையாது. நாக்கு செய்யும் வேலையை அங்கே விரல் செய்கிறது.

இப்படிப் பழகுங்கள். முதலில் ஜியை நாக்கால் மூன்றாகப் பிரித்து, மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஜி வாசியுங்கள். மூன்றும் ஒரே நீளம். அது அசையாமல் நின்றபிறகு இரண்டாவது ஜிக்கு நாக்கை விட்டுவிட்டு இடது மோதிர விரலை ஒரு கணம் தூக்கி வையுங்கள்: அதுதான் கட். அடுத்து மூன்றாவதற்கும் நாக்கை விட்டு, வலது ஆள்காட்டி விரலால் நான்காம் துளையில் அடியுங்கள்: அது ஸ்ட்ரைக். கட்டும் ஸ்ட்ரைக்கும் மெட்ரோனோமின் தட்டுக்குச் சரியாக விழ வேண்டும், தட்டுக்கு முன்னால் அல்ல. உங்கள் தாளம் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் ஜியைக் குறுக்கிவிடுவதுதான். அதற்கு முழு நீளம் கொடுத்தால் மற்ற இரண்டும் தாமாக அடங்கும்.

கட் வைக்கும்போது ஏ கேட்கிறதென்றால் விரல் அதிக உயரம் போகிறது. 3, 4 மில்லிமீட்டர் போதும். ஸ்ட்ரைக்குக்கு நேர்மாறு. அங்கே விரல் சற்று உயரத்திலிருந்து விழுந்து, துளையில் பட்டதும் துள்ளி எழ வேண்டும். அழுத்தினீர்களோ, எஃப் ஷார்ப் கேட்டுவிடும்.

கீழ் டி முதல் ஜி வரை கட்டுக்கு இடது மோதிர விரல், ஏ, பி இரண்டுக்கும் இடது ஆள்காட்டி என்பது பரவலான வழக்கம். ஏவுக்கு நடுவிரல் வைப்பவர்களும் உண்டு. எதையாவது ஒன்றைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள். கீழ் டியில் ரோல் வராது, அடிக்க அதற்குக் கீழே துளை இல்லை. அந்த இடத்தில் வெவ்வேறு விரல்களால் அடுத்தடுத்து கட் வைக்கும் கிரான் வரும், இலியன் பைப் என்ற ஐரிஷ் துருத்தி வாத்தியத்திலிருந்து வந்த உத்தி. அதற்கு இப்போது அவசரம் வேண்டாம்.

மரக்குழல்:
கீச்சு யாருடைய குறை என்று ரெண்டு நிமிஷத்தில் தெரிஞ்சுக்கலாம். ஆறு துளையையும் செலோடேப்பால் காற்றுப் போகாம ஒட்டிட்டு மெதுவா ஊதுங்க. கீழ் டி சுத்தமா நின்னா விசில் சரி, கசிவு விரல்ல. மேல் ஏ, பிக்கு மூடுறது இடது ஆள்காட்டியும் நடுவிரலும்தான், அதை முதல்ல பாருங்க. விரல் நுனியால மூடாதீங்க. விரலை நீட்டி, சதைப்பகுதியால மூடுங்க.

டேப் ஒட்டியும் டி உடைஞ்சா தலையைப் பாருங்க. ஊதின ஈரம் காற்றுப் பாதையில தேங்கியிருக்கும். ஜன்னலை (தலைமேல இருக்கிற சின்னத் திறப்பு) விரலால லேசா மூடி ஒரு தடவை வேகமா ஊதினா வெளியே வந்துடும். அடிக்கடி அடைச்சா, பாத்திரம் கழுவுற திரவத்தில ஒரு சொட்டைத் தண்ணி கலந்து பாதையில விட்டுக் காயவிடுங்க, ஈரம் துளியா திரளாது. வாசிக்கிறதுக்கு முன்னாடி தலையை உள்ளங்கையில வச்சுச் சூடாக்குறதும் நல்லது.

இந்த வகைத் தலையில ஜன்னலுக்குக் கீழே ஒரு வெற்றுக் குழி இருக்கும். போஸ்டர் ஒட்டுற, களிமண் மாதிரி பிசையற பசையை அதில அடைச்சு, காற்றுப் பாதையோட தரைமட்டத்துக்குச் சமமா வழிச்சுவிட்டா மேல் ஸ்தாயி பல விசில்ல நல்லா அடங்கும். பசை துளி மேல நீட்டினாலும் ஒலி கெட்டுடும். ஜன்னலோட கூர்விளிம்பை (கத்தின்னு சொல்வாங்க) மட்டும் அரத்தால தொடாதீங்க, கெட்டா திரும்ப வராது. மேல் ஏ, பிக்குத் தயங்காம ஊதுங்க. பயந்து ஊதுறதாலயே பாதிக் கீச்சு வருது.

ரோஸ்காமன்_ரசிகை:
மூச்சுக்குத் தனி இடம் தேடாதீர்கள், ஒரு ஸ்வரத்தை விட்டுவிடுங்கள். ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவே மூச்சைத் திணித்தால் அடுத்த ஸ்வரம் பிந்தும், ஆடுபவரின் கால் தடுமாறும். கெஷ்ஷில் உங்களுக்கு வழி கையிலேயே இருக்கிறது: ரோலுக்குப் பதிலாக முதல் ரெண்டு ஜியைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதன் இடத்தில் மூச்சு. திரும்ப வரும்போது அங்கே ரோலை வாசித்து, மூச்சை வேறு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்று) மாற்றுங்கள். ஒவ்வொரு பார் முடிவிலும் எடுத்தால் மெட்டு துண்டு துண்டாகிவிடும். வலுவான தட்டில் விழும் ஸ்வரத்தை மட்டும் விடக்கூடாது.

மர ஃப்ளூட்டுக்குக் காற்று நிறைய வேண்டும். அயர்லாந்தின் ஸ்லைகோ, ரோஸ்காமன் பக்கத்து வாசிப்பில் மூச்சு எடுக்கும் இடமே தாளத்துக்கு உந்துதல் கொடுக்கும். ஃப்ளூட் கலைஞர் மாட் மொல்லாயைக் கேட்டால் புரியும். விசிலில் நிலைமை வேறு: காற்று தீராது, நெஞ்சுக்குள் தேங்கும். அதனால் இடைவெளியில் முதலில் கொஞ்சம் வெளியே விட்டுப் பிறகு இழுங்கள்.

ரோலே இல்லாமலும் ஜிக் நிற்கும். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து டூலின் ஊர்க்காரர், விசில் கலைஞர் மிக்கோ ரஸ்ஸல் அலங்காரம் குறைத்து வாசித்தவர். அவர் வாசிப்பில் துள்ளல் குறையவே இல்லை.

வேய்ங்குழல்:
டேப் ஒட்டியதும் டி நின்றது, கசிவு விரலில்தான். நன்றி. ஏர் எனப்படும் மெதுவான மெட்டு வாசிக்கும்போதும் இதே ரோல்தானா?

ரோஸ்காமன்_ரசிகை:
இல்லை. பல ஏர்கள் ஷான்-நோஸ் பாட்டின் மெட்டுகள். ஷான்-நோஸ் என்பது பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் பாடும் ஐரிஷ் மரபுப் பாட்டு. அங்கே மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள், மூச்சு பாட்டின் வரி முடியும் இடத்தில். அயர்லாந்தின் மேற்கே கானமாரா பாடகர்கள் அசைக்கு அசை சுழிப்பார்கள், வடமேற்கே டோனெகலில் அது குறைவு. கானமாராவின் கார்னா ஊர்ப் பாடகர் ஜோ ஹீனி பாடிய பதிவு ஒன்றை எடுத்து, சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த அசையில் நீட்டுகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். விசிலை அதற்கப்புறம் எடுத்தால் போதும்.