விலா முறிவுக்குப் பிறகு ரத்தத்தில் அமிலம் ஏறியது – பார்த்தவர்கள் எழுதுங்கள்

அண்ணனுக்கு பைக்கிலிருந்து விழுந்து நாலு விலா எலும்பு முறிவு. நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, குழாய் போட வேண்டாம் என்றார்கள். முதல் நாள் மூச்சு இழுக்கவே பயந்தவர் இரண்டாம் நாள் ராத்திரி அசந்து தூங்கினார். மூக்கில் ஆக்ஸிஜன், விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் அளவு 97. வலி விட்டுவிட்டது, தூங்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நர்ஸ் வந்து தோளைத் தட்டி எழுப்பினார், கண்ணைத் திறந்தவர் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடனே மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார்கள்: பிஹெச் (இது குறையக் குறைய ரத்தத்தில் அமிலம் அதிகம்) 7.22, கார்பன் டை ஆக்சைடு 68, பைகார்பனேட் (அமிலத்தை ஈடுகட்டும் பொருள்) 27. வலிக்குப் பயந்து அரைகுறையாக மூச்சு விட்டதில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் தேங்கி ரத்தத்தில் அமிலத்தை ஏற்றியிருக்கிறது. மாஸ்க் வைத்து அழுத்தமாகக் காற்று கொடுத்து, நரம்பு மரக்க ஊசி போட்டு, காலையில் பிஹெச் 7.34. அந்த 97-ஐ நம்பி உட்கார்ந்திருந்தது இன்னும் உறுத்துகிறது.

*

நான் ஐசியூ நர்ஸ். எனக்கு மறக்காதது இதற்கு நேர் எதிர். நெஞ்சில் அடிபட்டு வந்தவர் நிமிடத்துக்கு 34 மூச்சு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு "காத்து பத்தல" என்கிறார். பதற்றம், தூங்க மருந்து கொடுக்கலாமே என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். ரிப்போர்ட்டில் கார்பன் டை ஆக்சைடு 28தான், ஆனால் பிஹெச் 7.25, பைகார்பனேட் 12. நெஞ்சுக்குள்ளே ரத்தம் கசிந்து, திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாமல் லாக்டேட் (லாக்டிக் அமிலம்) கூடியிருந்தது. அந்த அமிலத்தை ஈடுகட்டத்தான் உடம்பு வேகமாக மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியது. அப்போது தூங்க வைத்திருந்தால் அந்த ஒரே பிடியையும் நாமே விடுவித்திருப்போம்.

*

முதலில் எழுதியவர் 68 என்ற எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துகிறார், எண் மட்டும் போதாது. என் அப்பாவுக்குப் பல வருட நுரையீரல் அடைப்பு நோய். கீழே விழுந்து இரண்டு விலா முறிந்தபோது கார்பன் டை ஆக்சைடு 62, ஆனால் தெளிவாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிஹெச் 7.35, பைகார்பனேட் 33. சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்து ஏற்கெனவே ஈடுகட்டியிருக்கிறது என்று டாக்டர் காட்டினார். அந்த வேலைக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அண்ணனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை, அதனால்தான் 27-லேயே நின்றது.

சரி, வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சில விஷயம். விலா முறிந்தால் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், மூச்சு இன்னும் குறையும். வலி மாத்திரையை, டாக்டர் சொன்ன அளவில், வேளை தவறாமல் கொடுங்கள், வலி அடங்கினால்தான் ஆழமாக இழுக்க முடியும், இரும முடியும். இருமும்போது தலையணையை அடிபட்ட பக்கம் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பந்து மேலே ஏறும் மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்தால் மூலையில் வைக்காதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்பினால் முழுசாக விழித்துப் பேச வேண்டும், குழறினால் விரல் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள், அந்தக் கருவி கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது.

*

அண்ணனைப் பற்றி எழுதியவள்தான். பயமுறுத்த எழுதவில்லை. பைகார்பனேட் ஏன் 27-லேயே நின்றது என்று இப்போதுதான் புரிகிறது. எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.