கோத்தகிரி–ஊட்டி தினசரி ஓட்டத்துக்கு ஏபிஎஸ் வண்டி தேவையா?

கோத்தகிரி அப்பா
மகள் ஊட்டியில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். காலை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, அதனால் வண்டி வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். ஒன்று 125 சிசி ஸ்கூட்டர், சிபிஎஸ் (இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்வது) மட்டும். இன்னொன்று 160 சிசி பைக், முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் லாக் ஆவதைத் தடுப்பது). கியர் வண்டியும் அவளுக்கு ஓட்டத் தெரியும். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது. எங்கள் மெக்கானிக், மலையில் ஏபிஎஸ் எல்லாம் வேலைக்கு ஆகாது என்கிறார். உண்மையா? தினமும் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் பட்டறை
உங்க மெக்கானிக் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை, சார். சாதாரண ஏபிஎஸ் வண்டி நிமிர்ந்து போகும்போதுதான் முழுசாகக் கைகொடுக்கும். வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் டயரின் பிடியில் பெரும்பங்கு திரும்புவதற்கே போய்விடும். சாய்வைக் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ் விலை உயர்ந்த பைக்குகளில்தான் வருகிறது. நம் ஊரில் வளைவுக்குப் பஞ்சமா? ஜல்லி சிதறிய இடத்தில் ஏபிஎஸ் வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள், பிரேக் ஷூவை நேரத்துக்கு மாற்றுங்கள். என்னிடம் வரும் ஸ்கூட்டர்களில் பின் டிரம்மைக் கழற்றினால் ஷூ கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும், கருகிய வாடை அடிக்கும். இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்ததன் விளைவு அது. இதை எந்த ஏபிஎஸ் தடுக்கும்?

கேத்தி ரைடர்
பட்டறை அண்ணா, டயர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தினசரி ஓட்டத்தில் ஆள் விழுவது வளைவில் மட்டுமா? முன்னால் போகும் பஸ் சட்டென்று நிற்கும். காரட் கழுவும் இடத்திலிருந்து லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வரும். தேயிலைக்குள் இருந்து காட்டெருமை இறங்கும். பெரும்பாலும் நேரான துண்டு ரோட்டில்தான் இது நடக்கிறது. லாரி டயரில் ஒட்டி வந்த சேறும் காலைப் பனியும் சேர்ந்து ரோடு வழவழவென்று கிடக்கும். பயத்தில் கை முழு பலத்தோடு லீவரை இழுக்கிறது. முன் சக்கரம் லாக் ஆகிவிட்டால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது, கண் மூடித் திறப்பதற்குள் வண்டி படுத்துவிடும்.

ஏபிஎஸ் செய்வது இதுதான்: சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சுற்று திடீரென்று விழுந்தால் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு மறுபடி கொடுக்கிறது, ஒரு நொடிக்குள் பல முறை. லீவர் விரலில் தடதடவென்று உதறும், அப்போது பயந்து விட்டுவிடக் கூடாது. சிபிஎஸ் வேறு. ஒரு பிரேக்கைப் பிடித்தால் மற்ற சக்கரத்துக்கும் கொஞ்சம் பங்கு போகும், அவ்வளவுதான். சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது. 125 சிசிக்கு மேல் என்றால் ஏபிஎஸ், அதற்குள் என்றால் சிபிஎஸ் இருந்தாலே போதும் என்றுதான் 2019 ஏப்ரலில் விதி வந்தது. ரோட்டில் இருக்கும் சேறு சிசி பார்த்தா வழுக்குகிறது?

குன்னூர் பட்டறை
தம்பி, தினமும் நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் பர்லியாறு இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சாவியை ஆஃப் செய்துவிட்டு உருட்டிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! சாவி ஆஃப் ஆனால் ஏபிஎஸ்ஸுக்குக் கரண்ட் இல்லை, அது செத்த மாதிரி. நியூட்ரலில் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜினின் பிடியும் போச்சு. குன்னூர் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அந்த 1,500 மீட்டர் இறக்கத்தின் வேகத்தை எல்லாம் பிரேக் மட்டும் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் அந்தச் சூட்டில் கொதித்து, லீவர் மெத்தென்று உள்ளே போய்விடும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொன்னதுதான் மலைக்குப் பாதுகாப்பு. ஸ்கூட்டரில் அந்த வசதி ரொம்பக் குறைவு.

ஊட்டி நர்ஸ்
அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் பிரேக்கை விட்டு நகரவே மாட்டேன் என்கிறீர்கள். அடிபட்டு வருகிறவர்களில் பலர் ஹெல்மெட் போட்டுத்தான் வந்திருப்பார்கள், ஆனால் பட்டி மாட்டியிருக்காது. விழுந்த வேகத்தில் அது தனியாக உருண்டுவிடும், தலை தார் ரோட்டில். உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோல் நசுங்கி அடியை வாங்குவதற்காக இருக்கிறது. தலையோடு இறுக்கமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது, ஆனாலும் ரோட்டோரத்தில் தொங்குகிறது. கோத்தகிரி அண்ணா, முகம் முழுக்க மூடுவதை வாங்குங்கள். பனியில் வைசர் கண்ணாடி மங்கிவிடுகிறது என்று பிள்ளைகள் தூக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். பனி படியாமல் இருக்க உள்பக்கம் ஒட்டும் தாள் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்குங்கள். பின்னால் உட்காரும் தோழிக்கு இன்னொரு ஹெல்மெட் வேண்டும். அதை யாரும் யோசிப்பதே இல்லை.

கேத்தி ரைடர்
அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

பட்டறை அண்ணா, சாவியை ஆஃப் செய்து இறங்குவது ஓட்டுகிறவர் செய்யும் தப்பு. அதை வைத்து ஏபிஎஸ் வேண்டாம் என்பது நியாயம் இல்லை. பிரேக் சூட்டை ஏபிஎஸ் குறைக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போதுதான் ஓட்டக் கற்ற பிள்ளைக்கு, ஈர ரோட்டில் எவ்வளவு அழுத்தினால் சக்கரம் லாக் ஆகும் என்று கைக்குத் தெரிய வருஷங்கள் ஆகும். அதுவரை அவளை எது காப்பாற்றும்?

கோத்தகிரி அப்பா
முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் என்றால் பின் சக்கரம்?

கேத்தி ரைடர்
பின் சக்கரம் லாக் ஆகலாம், வால் கொஞ்சம் ஆடும். மிதியைத் தளர்த்தினால் பெரும்பாலும் நேராகிவிடும். முன் சக்கரத்தில் அந்த அவகாசம் கிடைக்காது. இரண்டுக்கும் ஏபிஎஸ் உள்ள மாடல் உங்கள் கைக்கு எட்டினால் அதுவே நல்லது.

குன்னூர் பட்டறை
சார், அந்த இரண்டில் நானும் பைக்கைத்தான் சொல்வேன், ஆனால் கியருக்காக. தொட்டபெட்டா பிரிவில் இருந்து கட்டபெட்டு வரும் இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் வந்தால் பிரேக்குக்குப் பாதி வேலைதான். ஏபிஎஸ்தான் காப்பாற்றும் என்று தம்பி சொல்வதை இன்னும் நான் ஏற்கவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கப் பழகாத பிள்ளைக்கு எந்த வண்டியும் ஆபத்துதான்.

வாங்கிய பிறகு ஒன்று மட்டும் கவனியுங்கள். சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும், வண்டி நகர்ந்து கொஞ்ச தூரத்தில் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. மழைக்காலத்தில் அந்தப் பல்வளையத்தில் சேறு அப்பிக்கொள்ளும். வண்டி கழுவும்போது அந்த இடத்தையும் கழுவச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும்.